பிடிக்கிறவன் கை

கையை வெட்டினவன் நீதான். வேறு எவனும் இல்லை, நீயேதான். இரண்டு கையையும் முழங்கையோடு வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின இடம் தெரியாமல் நீலத்தைப் பூசி மெழுகிவிட்டாய் என்று செங்கமலம் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள். வாய் திறந்து சொல்லவில்லை. திறந்திருந்தால் அந்தக் கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விழித்திருப்பார்கள். உக்கடம் சந்தையில் பழைய தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் இரும்புக் குழாய்க்கும் விலை பேசிப் பேசி உரமேறின குரல் அவளுக்கு. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். ஜிகினா வைத்த சிவப்பு உடுப்புப் போட்ட சர்க்கஸ்காரி ஒருத்தி, கூடாரமும் இல்லாமல் ஆகாயமும் இல்லாமல் ஏதோ ஒரு நீலத்தில் மிதக்கிறாள். கை இரண்டும் முன்னால் நீண்டிருக்கிறது, உள்ளங்கை திறந்திருக்கிறது, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கீழே பித்தளைத் தகட்டில் 'விடுதலை' என்று போட்டு, அதற்கடியில் வரைந்தவன் பேர். பறக்கிறவள் பேர் இல்லை. அது போகட்டும். வீட்டில் செங்கமலம், சர்க்கஸ் போஸ்டரில் மிஸ் கமலா, மெஸ்ஸில் ஏய் தாராபுரம் என்று பேருக்கு அவளிடம் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் முகம் அவளுடையது. புரை விழுந்த கண்ணுக்கே தெரிகிறது, மேலுதட்டு மச்சம் உட்பட. கண் மங்குகிறது என்று காட்ட வந்த இடத்தில், சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், இத்தனை காலம் எங்கே போனது என்று தெரியாத தன் வயசு சுவரில் தொங்குகிறது. முதலில் ஒரு சந்தோஷம் குபீரென்று வந்தது உண்மை. குஞ்ஞேட்டா, படம் கிடைச்சிருச்சு என்று மனசுக்குள்ளே யாரோ கத்தினார்கள். கிட்டே போனாள். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனாள். அவளைப் பிடிக்கிற கை இல்லை.

"பாட்டி, கண்ணத் தொறக்காதீங்க. மருந்து வெளிய வந்துரும்." "யாருக்குடி பாட்டி?" "சரிங்கம்மா, அம்மா. மூடிக்குங்க." நர்ஸுப் பெண்ணுக்குச் சிரிப்பு. சுகிர்தா என்று மார்பில் பேர் குத்தியிருக்கிறாள், குரலில் தூக்கம் இருக்கிறது, நல்ல பிள்ளைதான். செங்கமலம் மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் மோசம். இமைக்குள்ளே அந்தப் படம் எரிச்சலோடு கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது, சிவப்பு பச்சையாகவும் நீலம் மஞ்சளாகவும் மாறி. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? உள்ளங்கை திறந்திருக்கிறதே, ஆகா, எதையும் பற்றாதவள், கவலையை உதறினவள் என்று நினைப்பார்கள். திறந்து வைப்பது உதறினதால் இல்லை ஐயா. அது விதி. ஊஞ்சல் பாரிலிருந்து கையை விட்ட பிறகு பறக்கிறவள் எதையும் பிடிக்கக் கூடாது. கையை நீட்டி, விரலைத் தளர்த்தி, வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. எதிர்ப் பாரில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வருகிறானே கேட்சர், பிடிப்பது அவன் வேலை. இரண்டு பேரும் பிடிக்கப் போனால் விரலோடு விரல் மோதி இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதைப் படிப்பதற்குத்தான் அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. உடம்பு கேட்காது. விழுகிற உடம்பு எதையாவது எட்டிப் பிடி, எட்டிப் பிடி என்றுதான் கத்தும். ஒரு நாள் காலைப் பயிற்சியில் பயந்துபோய் அவள் எட்டிப் பிடிக்க, அவள் குஞ்ஞேட்டா என்று கூப்பிடுகிற கேட்சர் குஞ்ஞிராமனின் இடது சுண்டுவிரல் மடங்கி முறிந்தது. வலையில் புரண்டு எழுந்து, இனி அறைதான் விழும் என்று நின்றவளிடம், மேலே தொங்கினபடியே அந்த மனுஷன் கேட்டது இதுதான்: "எடி கமலே, நீ பிடிச்சா பின்னே ஞான் எப்படிப் பிடிக்கும்?" அந்த விரல் பிறகு நேராகவே இல்லை, கொக்கி மாதிரி வளைந்தே நின்றது. வளைந்த விரல்தான் நல்ல பிடி என்பான். தினமும் இரண்டு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் அவளுடைய மணிக்கட்டில் அவன் விரல் பதிந்து சிவப்பு வளையல் போட்டது போலிருக்கும், அதில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் ஆழமாக. அது சுண்டுவிரல். ஒருத்தியும் அப்படி வளையல் போட்டிருக்க மாட்டாள். தங்கத்தில் கேட்டால் கூடக் கிடைக்காது.

இதெல்லாம் படம் வரைந்த அந்த ஜிப்பாக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தவனை ஒரு அதட்டு அதட்டி விட்டுவிடலாம். திருச்சி கேம்பில் பலகையும் காகிதக் கட்டுமாக வந்து ரிங்குக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், ஊர் மாறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. யானையை வரைந்தான், சைக்கிள் பெண்களை வரைந்தான், கூடாரத்துக்குப் பின்னால் உடுப்புக் காய்கிற கொடியை வரைந்தான். ஜோக்கர் அப்பச்சனை வரைந்து, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வைத்தான். அப்பச்சன் அதைப் பார்த்துவிட்டு ஒரே ரகளை. "சாரே, இது என்ன தண்ணி?" "சோகம்." "எனக்கு எதுக்கு சாரே சோகம்? வெள்ளைப் பூச்சுல எண்ணெய் கூடிப் போயி கண்ணு எரியுது. அழணும்னா நான் மொகத்தக் கழுவிட்டுத்தான் அழுவேன், பூச்சு வீணாகும்ல?" மெஸ்ஸே சிரித்தது. ஜிப்பாக்காரனும் சிரித்தான், ஆனால் கண்ணீரை அழிக்கவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும். எதிரே இருப்பதை விட்டுவிட்டுத் தன் மண்டையில் இருப்பதை வாங்கிக்கொண்டு போகிற ஆள் இவன் என்று. அவளிடமும் வந்து கேட்டான், பறக்கும்போது என்ன நினைப்பீங்க என்று. ஒண்ணும் நினைக்க மாட்டேன், நெனச்சா விழுந்துருவேன் என்றாள். "ரொம்ப விடுதலையா இருக்குமில்ல?" என்றான். அவளுக்கு அந்த வார்த்தை ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குச் சொல்வதாகத்தான் தெரியும். சிரித்து வைத்தாள். கேம்ப் முடிகிற அன்று சாயங்கால ஆட்டத்துக்கு முன்னால் அவன் காகிதத்தை விரித்துக் காட்டினான். கரிக்கோட்டில் அவள், நீட்டின கை, அவள் மணிக்கட்டை வளைத்துப் பிடித்த இன்னும் இரண்டு கை. நரம்பு, துணிச் சுற்று, வளைந்த சுண்டுவிரல், ஒன்றும் விடவில்லை. குஞ்ஞிராமன் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் போஸ்டர் எதிலும் அவன் வந்ததில்லை. போட்டோ எடுப்பவர்களுக்கும் பறக்கிற பெண்தான் வேண்டும். தலைகீழாகத் தொங்குகிறவனை யார் எடுப்பார்கள்? "இது என் கையாணல்லோ" என்றான். பிறகு யாரும் கேட்காமலே தன் கையைக் காகிதத்துப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துச் சரிபார்த்தான். குழந்தை மாதிரி. "இதைப் பெருசா, எண்ணெய்ச் சாயத்துல செய்யப் போறேன்" என்று ஜிப்பாக்காரன் சொன்னான். சொன்னானா இல்லையா? சொன்னான். செங்கமலம் காதால் கேட்டாள்.

கண்ணைத் திறந்தாள். படத்தின் ஓரம் கரைய ஆரம்பித்திருந்தது. மருந்து வேலை செய்கிறது. மூடு, மூடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், மூடாமல் பார்த்தாள். குஞ்ஞிராமன் அந்தப் படத்தை எப்படி எதிர்பார்த்தான் என்று உனக்குத் தெரியாது, ஜிப்பாக்காரா. கம்பெனி கலைந்து, ஆளுக்கு ஒரு திசையாகப் போய், அவளுக்குத் தோள்மூட்டு போய், கூடாரம் ஏலத்துக்கு வந்தபோது அதே தார்ப்பாயை அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கி விற்று, அதில் கிடைத்ததை வைத்து அடுத்ததை வாங்கி, மோசம் போய், மோசம் செய்தவனிடமே போய்ச் சண்டை போட்டு வசூலித்து, எதையும் எவன் கையிலும் விடாமல் தானே எட்டிப் பிடித்து ஒரு கடை வைத்துக்கொண்டாள். அவன் தலச்சேரியில் ஒரு டீக்கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தான். ஓணத்துக்கும் விஷுவுக்கும் போன் வரும். சாப்பிட்டாயா என்று கேட்பான், மழையா என்று கேட்பான், பிறகு தயங்கித் தயங்கி, "நம்ம படம் எங்ஙேயும் கண்டோ?" என்பான். ஒவ்வொரு தடவையும். டீக் குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தான், என் கை ஒரு பெரிய படத்தில் இருக்கிறது, பெரிய ஆள் வரைந்தது என்று. யாரும் நம்பவில்லை. சர்க்கஸ்காரன் புளுகுவான் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். போன மழைக்கு அவன் செத்துப்போனான். அண்ணன் மகன் போன் பண்ணினான். போனாள். கூடத்தில் கிடத்தி விளக்கு வைத்திருந்தார்கள். பார்த்தால் யாரோ. மூக்கு, வாய், நரைத்த மீசை எல்லாம் இருந்தது, ஆள் இல்லை. ஐயோ, ஒரு சொட்டு வரவில்லையே, என்ன பொம்பளை நான் என்று காலடியில் நின்றுகொண்டே தவித்தாள். பிறகுதான் புத்தியில் பட்டது. இந்த முகத்தை அவள் நேராகப் பார்த்ததே கொஞ்சம்தான். காற்றில், ரத்தம் இறங்கிச் சிவந்து, தாடை மேலேயும் நெற்றி கீழேயுமாக, அப்படித்தான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். சுற்றிப் போய்த் தலைமாட்டில் நின்று குனிந்தாள். அவன்தான். அங்கேயே உட்கார்ந்து அழுது போட்ட சத்தத்தில் முற்றத்தில் நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். அந்த ஸ்த்ரீ யாரு, தமிழத்தியா, எதுக்குத் தலைக்குப் பின்னால உக்காந்து கரையுது என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வாள்? கட்டினவள் இல்லை. கூடப் பிறந்தவள் இல்லை. அவன் பிடித்தவள். அதற்கு எந்த ஊரில் என்ன முறை?

"அம்மா, இன்னொரு சொட்டு." சுகிர்தா தாடையைத் தூக்கி விட்டாள். குளிர்ந்து, பிறகு எரிந்தது. "கூட வந்தவங்க யாருங்கம்மா? வியாழக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் எழுதிட்டாரு. கூட இருக்கறவங்க பேரு போடணும்." "நானே கையெழுத்துப் போடறேன்." "அதெல்லாம் முடியாதுங்கம்மா. ஒரு கண்ணு கட்டியிருக்கும், மத்த கண்ணுலயும் உங்களுக்குச் சரியாத் தெரியல. படியெறங்கறதுக்காச்சும் ஒருத்தர் வேணுமில்லீங்க." கடைக்கு மேலே அவளுடைய வீடு. குறுகலான இரும்புப் படி, தானே பேரம் பேசி வாங்கிப் பொருத்தினது, கைப்பிடி வேண்டாம் என்று விலையைக் குறைக்கச் சொன்னவளும் அவள்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் படியில். இருட்டில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல். ஒரு வேளை இந்தக் கண்ணும் தெளியவில்லை என்றால். கடையில் எல்லாப் பயல்களும் எடைக்கல்லை மாற்றி வைப்பான்கள். அதுகூட இல்லை, காலையில் எழுந்து முகம் கழுவி, கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல், யாரிடம் போய் இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பது? "பேரு சொல்லுங்கம்மா." "குஞ்ஞிராமன்." வாயிலிருந்து தானாக வந்தது. "எந்த ஊருங்க?" "தலச்சேரி." "ஓ, மலையாளத்துக்காரரா. சொந்தமுங்களா?" "ம்." "ஆபரேஷன் அன்னிக்குக் கரெக்டா வந்துருவாருங்களா?" "அவரு ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல" என்றாள் செங்கமலம். அரை நொடி பிந்தியிருந்தால் அவள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டாள். பொய்யில்லை. சுகிர்தா எழுதிக்கொண்டு போய்விட்டாள். எதிர்ச்சுவரில் இப்போது முகம் இல்லை, மச்சம் இல்லை, நீலமாக ஒரு புகையும் நடுவில் சிவப்பாக ஒரு கறையும்தான். அப்போதுதான் ஒரு சந்தேகம் முள்ளாக ஏறியது. ஒருவேளை அந்தக் கரிக்கோட்டுக் காகிதத்தில் கையே இல்லையோ? குஞ்ஞிராமன் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, ஓணத்துக்கு ஓணம் கேட்டுக் கேட்டு, அவளே மனசில் வரைந்துகொண்டதோ? பாதிக் கண் போனவளுக்குப் பாதி நினைவும் போயிருக்காதா? கையைப் பிசைந்தாள். இல்லை. இரு. சுண்டுவிரல். கரிக்கோட்டில் அந்த வளைவைப் பார்த்து, 'இதையும் போட்டுட்டியா கள்ளா' என்று குஞ்ஞிராமன் ஜிப்பாக்காரன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான், தட்டினதில், பிடி வழுக்காமலிருக்கக் கையில் தேய்த்திருந்த சுண்ணாம்புப் பொடி ஜிப்பாவில் அப்பிக்கொண்டது, அதை அவன் துடைக்காமலே போனான். ஜிப்பாவில் ஐந்து விரல் வெள்ளையாக. மனசு இதை எல்லாம் இட்டுக்கட்டாது. அப்படியானால் நீ போட்டாய், பிறகு எடுத்தாய். முழுச் சரக்கைக் காட்டி விலை பேசிவிட்டு, மூட்டை கட்டும்போது பாதியை உருவிக்கொள்கிறவனுக்கு எங்கள் சந்தையில் என்ன பேர் தெரியுமா?

எழுந்தாள். சுவரைத் தடவித் தடவி வரவேற்பு மேஜைக்கு வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் நிழல், மல்லிகைப்பூ வாசனை. "அந்தப் படம் யாருங்க வரைஞ்சது?" "அதுங்களா? பெரிய ஆர்ட்டிஸ்ட்டுங்க. இங்கதான் அவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சு. பார்வை திரும்பி வந்த சந்தோஷத்துல அவரே குடுத்தாரு. எல்லாரும் நின்னு பாத்துட்டுத்தான் போவாங்க. ஒரு அம்மா அழுதே போட்டாங்க, எனக்கும் இப்படிப் பறக்கணும்னு." "அவரு போன் நம்பர் வேணும்." "அதெல்லாம் தர முடியாதுங்க." செங்கமலம் இந்த இடத்துக்குப் பழகினவள். முடியாது என்பது பேரத்தின் முதல் வார்த்தை, கடைசி வார்த்தை இல்லை. நான்தான் அதில் இருப்பவள் என்று சொன்னால் இவள் நம்ப மாட்டாள், புரை விழுந்த கிழவிக்குக் கிறுக்கு என்பாள். "சரி விடு கண்ணு" என்று இரண்டடி நடந்தாள். திரும்பினாள். "பெரிய படமா ஒண்ணு வாங்கலாம்னு பாத்தேன், அவருகிட்டயே நேரா. கட்டடம் கட்டறேன். வேற ஆளப் பாத்துக்கறேன்." மேஜை இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. "இருங்க இருங்க, படம் வாங்கறவங்களுக்குக் குடுக்கச் சொல்லிக் கார்டு வச்சிட்டுப் போயிருக்காருங்க." கார்டு கைக்கு வந்தது. வழவழவென்று ஒரு வெள்ளை, அவ்வளவுதான் தெரிந்தது. ஜெயித்துவிட்டாள், எப்போதும் போல. ஜெயித்த பிறகு எப்போதும் போல அதைச் சொல்ல யாரும் இல்லை. கார்டையும் தன் போனையும் அந்தப் பெண்ணிடமே நீட்டினாள். "நீயே போட்டுக் குடும்மா, எனக்கு எழுத்துத் தெரியல." மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "எடுக்க மாட்டேங்கறாருங்க. வாட்ஸப்புல பேசி அனுப்புங்க, கேப்பாரு. இந்த இடத்துல அமுக்கிப் புடிச்சுட்டே பேசணும், விட்டீங்கன்னா போயிரும்." அவள் விரலை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள் அந்தப் பெண். செங்கமலம் அமுக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு, வாயைப் போனுக்குக் கிட்டே கொண்டுபோனாள். எதிரியின் சரக்கை மட்டம் தட்டாமல் அவள் இதுவரைக்கும் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நான் செங்கமலம் பேசறேன், மிஸ் கமலா, நீ திருச்சியில வரைஞ்ச சிவப்பு உடுப்புக்காரி. உன் கண்ணு தெளிஞ்சதுன்னு சொன்னாங்க. சந்தோஷம். அந்தக் கண்ணோட ஒரு தடவ இங்க வந்து நின்னு பாரு. நான் அதுல பறக்கலய்யா. விழறேன். முன்னாடி ஆள் இல்லாம கையத் தொறந்தா அதுக்குப் பேரு விழறது. நீ அதுக்குக் கீழ விடுதலைன்னு எழுதி வச்சிருக்க, சனங்க பாத்துட்டு அழுவுது. எனக்கு அப்படி ஒரு விடுதலையும் வேண்டாம். அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. குஞ்ஞிராமன்னு ஒரு மனுஷன் சாகற வரைக்கும் தன் கையத் தேடிக்கிட்டு இருந்தாரு. உன்கிட்டதான் இருந்திருக்கு. ஏன் எடுத்தன்னு நான் கேக்க மாட்டேன், நீ எதாச்சும் அழகாச் சொல்லுவ. எனக்குக் காரணம் வேண்டாம், கை வேணும். வியாழக்கெழம எனக்கு ஆபரேஷன். வெள்ளிக்கெழம காலைல கட்டு அவுக்கறாங்க. அதுக்குள்ள சாயத்த எடுத்துக்கிட்டு வா. இடது சுண்டுவிரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கும், நேரா வரைஞ்சு வச்சன்னா மறுபடி போன் பண்ணுவேன். நான் கண்ணத் தொறக்கறப்ப அந்தக் கை என்னப் புடிச்சிருக்கணும்."